அமெரிக்க அரசியலில் நேர்மையை மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கச் செய்திகளைப் படித்துவிட்டு நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும். எது செய்தி, எது என் கருத்து என்று பிரிப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது.

‘மீட்பது’ என்கிறார்களே, முன்பு ஒரு காலத்தில் நேர்மை இருந்ததா?

பொற்காலம் எதுவும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் தேர்தலில் ஜெயித்த கட்சி தபால்காரர் வேலை வரைக்கும் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தது. 1881இல் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டவன், பதவி கேட்டு அலைந்து கிடைக்காமல் போன ஓர் ஆள். அதற்குப் பிறகுதான், 1883இல், தேர்வு வைத்து அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் பென்டில்டன் சட்டம் வந்தது. 1920களில் உள்துறைச் செயலராக (அங்கே அது அரசு நிலங்களைப் பார்க்கும் அமைச்சர் பதவி) இருந்த ஆல்பர்ட் ஃபால் அரசின் எண்ணெய் வயல்களைப் பணம் வாங்கிக்கொண்டு குத்தகைக்கு விட்டார். பதவியில் செய்த குற்றத்துக்காகச் சிறைக்குப் போன முதல் அமெரிக்க அமைச்சர் அவர்தான்.

ஆனாலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1958இல் ‘வாஷிங்டனில் இருக்கும் அரசு பெரும்பாலும் சரியானதையே செய்யும்’ என்று நம்பியவர்கள் நான்கில் மூன்று பேர். இப்போது ஐந்தில் ஒருவர் அளவுக்கு இறங்கிவிட்டது. இதைக் காட்டி ‘அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அதே 1958இல் தென் மாநிலங்களில் பெரும்பாலான கறுப்பின மக்களால் ஓட்டே போட முடியவில்லை. அந்த உரிமையைச் சட்டம் காப்பாற்ற 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதனால் ‘மீட்பது’ என்றால், பெயர் சொல்லிக் காட்டக்கூடிய சில பழக்கங்களையும் சில சட்டங்களையும் திரும்பக் கொண்டுவருவது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு காலத்தையே திரும்பக் கொண்டுவர முடியாது. கொண்டுவரவும் வேண்டாம்.

எல்லாரும் வாட்டர்கேட்டிலிருந்து ஏன் ஆரம்பிக்கிறார்கள்?

அது ஒரு சின்ன ஆளின் கண்ணில் பட்டு ஆரம்பித்ததால். 1972 ஜூன் 17, நள்ளிரவு தாண்டிய நேரம். வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் ஃபிராங்க் வில்ஸ் என்ற 24 வயதுக் காவலாளி ரோந்து போகிறார். சம்பளம் வாரத்துக்கு 80 டாலர். கீழ்த்தளக் கதவின் தாழ் விழாதபடி ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. வேலையாட்கள் யாரோ விட்டுப்போனது என்று நினைத்துப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் அதே கதவில் மறுபடியும் நாடா. போலீஸுக்குப் போன் செய்தார். ஆறாவது மாடியில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் 5 பேர் பிடிபட்டார்கள். நூல் பிடித்துப் போனால் அது வெள்ளை மாளிகையில் போய் முடிந்தது.

அப்புறம் பெரிய ஆட்களின் முறை வந்தது. 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு. விசாரித்துக்கொண்டிருந்த சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கச் சொல்லி அதிபர் நிக்சன் உத்தரவு போடுகிறார். அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் முடியாது என்று ராஜினாமா செய்தார். அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஷாஸும் மறுத்தார், அவர் பதவியும் போனது. மூன்றாவதாக இருந்த ராபர்ட் போர்க் உத்தரவை நிறைவேற்றினார். மறுத்த இருவரும் நிக்சனின் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சிக்காரர்கள், அவரே நியமித்தவர்கள்.

1974 ஜூலையில், வெள்ளை மாளிகையில் நிக்சன் பதிவு செய்து வைத்திருந்த பேச்சுகளின் ஒலிநாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று தீர்ப்புச் சொன்னது. அந்த எட்டில் மூன்று பேர் நிக்சன் நியமித்த நீதிபதிகள். ஆகஸ்ட் 7ஆம் தேதி பாரி கோல்ட்வாட்டர் உட்பட அவர் கட்சியின் மூன்று மூத்த தலைவர்கள் வெள்ளை மாளிகைக்குப் போய், பதவிநீக்க ஓட்டெடுப்பு வந்தால் உங்களைக் காப்பாற்றும் அளவுக்கு ஓட்டு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். இரண்டு நாளில் அவர் பதவியை விட்டுக் கிளம்பினார்.

எதிர்க்கட்சி எதிர்ப்பதில் அதிசயம் என்ன இருக்கிறது? சொந்தக் கட்சிக்காரன் ‘போதும்’ என்று சொல்வதுதான் அரிது. அமெரிக்க அரசியலில் நேர்மை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு என்னென்ன சட்டங்கள் வந்தன?

நிறைய. 1974இல் தேர்தல் நிதிச் சட்டத்தை இறுக்கித் தேர்தல் நிதியைக் கண்காணிக்க ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதே வருடம், அரசுக் கோப்புகளைக் கேட்டு வாங்கும் உரிமையை அதிபர் ஃபோர்டின் வீட்டோவையும் மீறி வலுப்படுத்தினார்கள். 1977இல், வெளிநாட்டு அதிகாரிகளுக்கு அமெரிக்க நிறுவனங்கள் லஞ்சம் கொடுப்பது குற்றம் என்று சட்டம் வந்தது. லாக்ஹீட் விமானக் கம்பெனி விவகாரம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1978இல் மட்டும் அரசு நெறிமுறைச் சட்டம், பல துறைகளில் ஊழலைத் தோண்டும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் பதவிகள், அதிபரின் ஆவணங்கள் நாட்டுக்கே சொந்தம் என்னும் சட்டம் என்று வரிசையாக வந்தன.

கவனியுங்கள், இவை எதுவும் நல்லவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியவை அல்ல. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் பிடிபட்ட ஒரு திருட்டு இருக்கிறது.

அந்தச் சட்டங்கள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன?

சில தளர்ந்துவிட்டன, சில செத்துவிட்டன. வேட்பாளர் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 1976இலேயே ரத்து செய்தது. செலவும் ஒருவகைப் பேச்சு, பேச்சைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது வாதம். 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் 5-4 என்று வந்த தீர்ப்பு, கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரோடு கலந்துபேசாமல் தனியாகச் செலவு செய்தால் அதற்கு வரம்பில்லை என்றது. சூப்பர் பேக் என்கிற நிதிக் குழுக்கள் அதையொட்டி முளைத்தவை.

தேர்தல் நிதி ஆணையத்தின் கதை இன்னும் வேடிக்கை. உறுப்பினர்கள் 6 பேர், ஒரு கட்சிக்கு 3 பேருக்கு மேல் கூடாது, எதைச் செய்யவும் 4 ஓட்டு வேண்டும். 3-3 என்று நின்றால் கோப்பு மூடப்படும். 2025இல் கூட்டம் நடத்தவே ஆள் போதாமல் போனது.

அதிபர் போன்ற பெரிய ஆட்களை விசாரிக்கத் தனி வழக்கறிஞரை நியமிக்கும், 1978 நெறிமுறைச் சட்டத்தின் பிரிவு 1999இல் காலாவதியானது. கிளிண்டன் விசாரணை போன போக்கைப் பார்த்து இரண்டு கட்சிகளுக்கும் அதன் மேல் ஆசை விட்டுப்போயிருந்தது. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ஒரே இரவில் பதினேழு இன்ஸ்பெக்டர் ஜெனரல்களை வீட்டுக்கு அனுப்பினார். நாடாளுமன்றத்துக்கு 30 நாள் முன்பே காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருந்தும்தான். அடுத்த மாதமே வெளிநாட்டு லஞ்சச் சட்டத்தின்படி புது வழக்குப் போடுவதை நிறுத்திவைக்கச் சொன்னார்.

லஞ்சம் லஞ்சம்தானே? அதிலென்ன குழப்பம்?

அங்கே குழப்பம் இருக்கிறது. இந்தியானா மாநிலத்தில் போர்டேஜ் என்று ஒரு சின்ன ஊர். நகராட்சி 2013இல் ஒரு கம்பெனியிடம் குப்பை லாரிகள் வாங்கியது, பில் சுமார் 11 லட்சம் டாலர். மறு வருடம் அதே கம்பெனி மேயர் ஜேம்ஸ் ஸ்னைடருக்கு 13,000 டாலருக்குச் செக் கொடுத்தது. ஆலோசனைக் கட்டணம் என்றார் மேயர். ஜூரி நம்பவில்லை, தண்டித்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்புச் சொன்னது: காரியத்துக்கு முன்பே பேசி வாங்கினால்தான் லஞ்சம், காரியம் முடிந்த பிறகு நன்றிக்காகக் கொடுத்தால் அது அன்பளிப்பு. இந்தக் கூட்டாட்சிச் சட்டம் அன்பளிப்பைத் தொடாது, வேண்டுமானால் மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நாம் சொல்வோம். அதை ஒரு நீதிமன்றம் சட்ட விளக்கமாகவே எழுதும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தாராளவாத நீதிபதிகள் இருந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2016இல் வர்ஜீனியா முன்னாள் ஆளுநர் பாப் மெக்டொனல் வழக்கைப் பாருங்கள். ரோலெக்ஸ் வாட்ச், கடன், விருந்து என்று ஒரு தொழிலதிபரிடமிருந்து அவர் குடும்பத்துக்கு வந்தது 1,75,000 டாலருக்கு மேல். கைமாறாக அதிகாரிகளோடு சந்திப்புகளுக்கு ஏற்பாடு செய்தார் என்பது குற்றச்சாட்டு. வெறும் சந்திப்புக்கு ஏற்பாடு செய்வது ‘அரசு நடவடிக்கை’ ஆகாது என்று தண்டனையை ரத்து செய்த தீர்ப்பில் எல்லா நீதிபதிகளும் ஒரே பக்கம் இருந்தார்கள்.

அதிபர் பதவியில் இருந்துகொண்டே வியாபாரம் செய்யலாமா?

சொந்த லாபத்தைத் தொடும் கோப்பில் அமைச்சரோ அதிகாரியோ கைவைத்தால் குற்றம். அதிபருக்கும் துணை அதிபருக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே காவல் இருந்தது மரபு மட்டும்தான். ஜிம்மி கார்ட்டர் 1977இல் பதவிக்கு வந்தபோது ஜார்ஜியாவில் இருந்த தன் வேர்க்கடலை வியாபாரத்தை அறங்காவலர் கையில் ஒப்படைத்தார். நான்கு வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது அது பெரிய கடனில் கிடந்தது. விற்றுத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. அவரை அந்தக் கடலைக்காகவே கேலி செய்தவர்கள் உண்டு.

கார்ட்டரிலிருந்து ஒபாமா வரை வந்த அதிபர்கள் வருமான வரிக் கணக்கை வெளியிட்டதும் இப்படி ஒரு மரபுதான். சட்டம் கேட்கவில்லை. 2016இல் டிரம்ப் வெளியிட மறுத்தார், எதுவும் நடக்கவில்லை. 2025இல் பதவியேற்பதற்கு மூன்று நாள் முன்பு தன் பெயரிலேயே ஒரு கிரிப்டோ நாணயம் வெளியிட்டார். அதே வருடம் மே மாதம், அதை அதிகம் வாங்கி வைத்திருந்த 220 பேருக்கு அவருடைய கோல்ஃப் கிளப்பில் விருந்து நடந்தது. மரபு என்பது கூச்சம் உள்ளவர்களை மட்டும்தான் கட்டும்.

பொதுமன்னிப்பு அதிகாரத்தை யாராவது கட்டுப்படுத்த முடியுமா?

அரசியல் சாசனத்தைத் திருத்தினால்தான். நிக்சனுக்கு ஃபோர்டு கொடுத்தார். கிளிண்டன் பதவியின் கடைசி நாளில், வழக்குக்குப் பயந்து வெளிநாட்டில் இருந்த வியாபாரி மார்க் ரிச்சுக்குக் கொடுத்தார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்த பைடன் 2024 டிசம்பரில் தன் மகனுக்குக் கொடுத்தார். 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப், 2021இல் நாடாளுமன்றக் கட்டடத்தில் புகுந்த வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்குக் கொடுத்தார். இவை எல்லாம் ஒரே எடை அல்ல. ஆனால் ஒவ்வொருவரும் முந்தையவரைக் காட்டித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

சரி, எந்தக் கட்சி மோசம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரிந்திருக்கும், என்னிடம் ஒப்புதல்தான் வேண்டும். நிக்சனின் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ, மேரிலாந்து ஒப்பந்தக்காரர்களிடமிருந்து கவரில் பணம் வாங்கியவர், குடியரசுக் கட்சி. லூசியானாவின் வில்லியம் ஜெஃபர்சன் ஜனநாயகக் கட்சி. 2005இல் அவர் வீட்டு ஃப்ரீசரில் எஃப்.பி.ஐ. 90,000 டாலரை எடுத்தது. நியூஜெர்சி செனட்டர் பாப் மெனண்டஸும் ஜனநாயகக் கட்சி. அவர் வீட்டில் தங்கக் கட்டிகளும், கோட்டுப் பையிலும் பூட்ஸிலும் செருகிய ரொக்கமும் கிடைத்தன. தண்டனை 11 வருடம்.

ஜார்ஜ் சாண்டோஸ் விஷயத்தில்தான் என் அளவுகோலுக்கு வேலை வந்தது. படிப்பு, வேலை, குடும்பம் என்று எல்லாவற்றிலும் பொய் சொல்லி ஜெயித்த குடியரசுக் கட்சிக்காரர் அவர். 2023 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை 311-114 என்று அவரை வெளியேற்றியது. அவர் கட்சியிலேயே நூறு பேருக்கு மேல் அதற்கு ஓட்டுப் போட்டார்கள், பெரும்பான்மையே சில இடங்களில் தொங்கிக்கொண்டிருந்தபோது. 2025இல் மோசடி வழக்கில் அவருக்கு விழுந்த ஏழு வருடச் சிறையை, அவர் உள்ளே போய் மூன்று மாதம் ஆவதற்குள்ளேயே டிரம்ப் ரத்து செய்தார்.

மக்களின் ஒழுக்கப் பார்வையே மாறிவிட்டதா?

மாறியிருக்கிறது, மாறிய திசைதான் ஆச்சரியம். ‘தனிவாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுவாழ்வில் நேர்மையாக நடந்துகொள்ள முடியுமா’ என்று 2011இல் ஒரு கருத்துக்கணிப்பில் கேட்டார்கள். வெள்ளையின இவாஞ்சலிக்க (வேதாகமத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் புராட்டஸ்டன்ட்) கிறிஸ்தவர்களில் 30 சதவீதம் பேர்தான் முடியும் என்றார்கள். மற்ற எந்த மதப் பிரிவையும்விடக் கறாரான விடை. 2016இல் அதே கேள்விக்கு முடியும் என்றவர்கள் 72 சதவீதம். ஐந்து வருடத்தில் வேதம் மாறவில்லை, வேட்பாளர் மாறியிருந்தார்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1998இல் கிளிண்டன்–மோனிகா லெவின்ஸ்கி விவகாரத்தில் ‘அது அவர் சொந்த விஷயம்’ என்று வாதாடிய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலர், இருபது வருடம் கழித்துக் குணநலம்தான் முக்கியம் என்று பேசினார்கள். இரண்டு தரப்பும் பாட்டை மாற்றிக்கொண்டன.

நல்ல உதாரணம் ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது, பெரும்பாலும் பெயர் தெரியாத மேசைகளில். 2020 நவம்பர் 23, மிச்சிகன் மாநிலம். தேர்தல் முடிவுக்குச் சான்றளிக்கும் குழுவில் நான்கு பேர், கட்சிக்கு இரண்டு. பைடன் அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஓட்டில் ஜெயித்திருந்தார். சான்றளிக்காதே என்று குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் மேல் ஊரே பார்க்க அழுத்தம். அவர்களில் ஒருவர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினார். மற்றவர் ஆரன் வான் லாங்கவெல்ட், அதுவரை யாரும் கேள்விப்பட்டிராத ஒரு வழக்கறிஞர். எண்ணிக்கை சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவதுதான் நம் கடமை, நமக்கு இல்லாத அதிகாரத்தை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விளக்கிவிட்டு ஆம் என்றார். 3-0. இரண்டு மாதத்தில் அவர் பதவிக்காலம் முடிந்தது, கட்சி அவரை மறுபடி நியமிக்கச் சொல்லவில்லை.

ஜார்ஜியா மாநிலத் தேர்தலை மேற்பார்த்த குடியரசுக் கட்சிக்காரர் பிராட் ரஃபன்ஸ்பெர்கர் கதை இதைவிடப் பிரபலம். 11,780 ஓட்டுக் கண்டுபிடித்துக் கொடு என்று அன்றைய அதிபர் டிரம்பே போனில் கேட்டும் அவர் அசையவில்லை. 2022இல் அவர் மறுபடி ஜெயித்தார். அதே வருடக் கடைசியில் இரண்டு கட்சிகளும் சேர்ந்து அதிபர் தேர்தல் ஓட்டு எண்ணும் சட்டத்தைத் திருத்தின. துணை அதிபருக்கு அங்கே முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, ஆட்சேபிக்க ஒவ்வொரு அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர் வேண்டும் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். மரபு உடைந்த இடத்தில் சட்டத்தை வைத்து அடைத்தது, சமீபத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

வாஷிங்டனை விடுங்கள், உள்ளூர் ஊழல் எப்படி?

பெல் நகரத்தைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில், அப்போது சுமார் 36,000 பேர் வாழ்ந்த, பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர் குடும்பங்கள் கொண்ட ஊர். 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் இருவர் பக்கத்து ஊர் விவகாரத்தை விசாரிக்கப் போய், பெல்லின் சம்பளப் பட்டியலைக் கேட்டார்கள். நகர மேலாளர் ராபர்ட் ரிஸோவின் வருடச் சம்பளம் ஏறக்குறைய 8 லட்சம் டாலர். அன்றைய அதிபர் ஒபாமாவின் சம்பளமே 4 லட்சம்தான். பகுதிநேர வேலையான கவுன்சிலர் பதவிக்கு வருடம் லட்சம் டாலரை ஒட்டி.

இது எப்படிச் சாத்தியமானது? 2005இல் ஒரு தனித் தேர்தல் வைத்து ஊருக்குத் தனிச் சாசனம் கொண்டுவந்தார்கள். அதனால் கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலம் வைத்த வரம்பு இந்த ஊருக்குப் பொருந்தாமல் போனது. ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை. கவுன்சில் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து உட்காரும் பத்திரிகைக்காரர் யாரும் அந்த ஊருக்கு இல்லை. செய்தி வந்ததும் ஜனங்கள் நகராட்சி வாசலில் திரண்டார்கள். 2011 மார்ச்சில் பழைய கவுன்சிலையே தூக்கி எறிந்தார்கள். ரிஸோவுக்கு 12 வருடம் சிறை.

இப்போது அமெரிக்காவில் உள்ளூர்ப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. ஒழுக்க போதனைக்குச் செலவாகும் பணத்தில் பாதியை ஊருக்கு ஒரு நிருபருக்குச் சம்பளமாகக் கொடுத்தால் போதும் என்பது என் வாதம்.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் பங்கு வாங்கி விற்கலாமா?

விற்கலாம், வாங்கலாம். 2012 சட்டப்படி 45 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். தாமதமானால் வழக்கமான அபராதம் 200 டாலர். அவர்களுக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. தடை செய்யும் மசோதாக்கள் இரண்டு கட்சியிலிருந்தும் வருகின்றன, கிடப்பில் கிடக்கின்றன.

உச்ச நீதிமன்றத்துக்கு நெறிமுறை விதி இல்லையா?

2023 நவம்பரில் தாங்களே எழுதிக்கொண்டார்கள். நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் ஒரு கோடீஸ்வர நண்பர் செலவில் சொகுசுப் பயணங்கள் போனது பத்திரிகையில் வந்த பிறகு. மீறினால் யார் விசாரிப்பது என்று அதில் இல்லை.

அப்படியானால் நம்பிக்கை தரும் சீர்திருத்தம் எதுவும் நடக்கவில்லையா?

நகரங்களிலும் மாநிலங்களிலும் நடக்கிறது. சியாட்டில் நகரம் ஒவ்வொரு வாக்காளருக்கும் தலா 25 டாலர் மதிப்புள்ள நான்கு வவுச்சர்களைத் தபாலில் அனுப்புகிறது. பிடித்த வேட்பாளருக்குக் கொடுத்தால் நகராட்சி பணம் தரும். 2017இலிருந்து நடக்கிறது. நன்கொடை என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் வீட்டுக் கதவையும் வேட்பாளர்கள் தட்ட வேண்டியிருக்கிறது.

மிச்சிகனில் 2018இல், தொகுதி எல்லை வரையும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து பிடுங்கிச் சாதாரணக் குடிமக்கள் குழுவிடம் கொடுக்க 61 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அந்த இயக்கமே ஓர் இளம்பெண்ணின் பேஸ்புக் பதிவிலிருந்து கிளம்பியது.

ஆனால் கலிபோர்னியாவைப் பாருங்கள். அங்கேயும் 2008இலிருந்து இப்படி ஒரு குழு உண்டு. 2025இல் டெக்சாஸ், டிரம்ப் கேட்டதற்காகப் பத்து வருடத்துக்கு ஒருமுறை என்ற வழக்கத்தை மீறி நடுவிலேயே எல்லைகளை மாற்றி, குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடக் கிடைக்கும்படி வரைந்தது. நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் தங்கள் குழுவின் வரைபடத்தைத் தற்காலிகமாக ஓரம் வைத்துவிட்டு ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான வரைபடத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். எதிராளி விதியை மீறும்போது நான் மட்டும் கட்டுப்பட வேண்டுமா என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் அது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் அங்கே வாக்காளராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டால் கொஞ்சம் முழிப்பேன்.

அந்தக் காவலாளி ஃபிராங்க் வில்ஸ் என்ன ஆனார்?

கொஞ்ச நாள் பேட்டி, பாராட்டு என்று போனது. சம்பள விஷயத்தில் மனம் கசந்து அந்த வேலையை விட்டார். நிலையான வேலை பிறகு அமையவில்லை. 1983இல் கடையில் ஒரு ஜோடி காலணி திருடியதாகத் தண்டிக்கப்பட்டார். உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொண்டு தென் மாநிலத்தில் வறுமையில் வாழ்ந்து, 2000ஆம் வருடம் 52 வயதில் இறந்தார். கதவில் நாடா இருந்ததை அன்றிரவு அவர் கைப்பட எழுதிவைத்த பதிவேட்டுப் பக்கம் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.